தட்டோரம் ஒரு புதுமுகம்

கொல்லையிலோ மொட்டை மாடியிலோ தானியத் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் வைத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தால், வழக்கமாக வருகிறவர்கள் யார் யார் என்பது இதற்குள் வீட்டில் எல்லோருக்கும் அத்துப்படியாகியிருக்கும். விடிந்ததும் காகம். வெயில் ஏறும் முன் சலசலத்துக்கொண்டே வரும் தவிட்டுக்குருவிக் கூட்டம். ஜோடியாக மைனா. பப்பாளித் துண்டுக்குக் கொண்டைக்குருவி, நொய்க்குச் சிட்டுக்குருவியும் சில்லையும். இடையிடையே அணில்.

ஒரு நாள் இவற்றில் எதிலும் சேராத ஒன்று வந்து உட்காரும். இந்த அத்தியாயம் அந்த ஒரு நாளுக்கானது.

வந்தது எத்தனை நேரம் தங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில பறவைகள் அரை மணி நேரம் குளித்துவிட்டுப் போகும், சில ஒரு மடக்குத் தண்ணீரோடு கிளம்பிவிடும். பறந்த பிறகு அதற்குப் பெயர் கிடைக்குமா கிடைக்காதா என்பது, இருந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலோர் செய்வது இரண்டு காரியம்: வீட்டிலுள்ளவர்களைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் செல்போன் எங்கே என்று உள்ளே ஓடுவார்கள். திரும்பி வரும்போது கிளை காலியாக இருக்கும். கையில் படமும் இல்லை, மனத்தில் உருவமும் இல்லை.

முதல் அரை நிமிடம்

இருந்த இடத்தில் அப்படியே இருங்கள். நின்றால் நின்றபடி, உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி. பறவைகளை மிரட்டுவது பெரும்பாலும் நம் அசைவுதான். கண்ணை எடுக்காமல் பாருங்கள். பார்ப்பதை மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். "மைனாவைவிடச் சின்னது. வால் குட்டை. தரையில்தான் இருக்கிறது. தத்தித் தத்திப் போகிறது." சொல்லாக மாறியது நினைவில் நிற்கும். வெறுமனே பார்த்து வியந்தது பத்து நிமிடத்தில் கலைந்துவிடும்.

எதை முதலில் பார்ப்பது? நிறத்தைத்தான் என்று கண் இழுக்கும். நான் நிறத்தைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். காரணம், நிறம் வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறும். வானத்தைப் பின்னால் வைத்துப் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு. மாமர நிழலில் எல்லாவற்றிலும் கொஞ்சம் பச்சை ஏறியிருக்கும். உருவம் மாறாது.

ஆகவே முதலில் அளவு. சென்டிமீட்டரில் யோசிக்க வேண்டாம், தெரிந்த பறவையை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். சிட்டுக்குருவி சுமார் 15 செ.மீ., கொண்டைக்குருவி சுமார் 20, மைனா 23 முதல் 25, காகம் 40-க்குச் சற்று மேல். புதியது இவற்றில் எந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்று பாருங்கள். தட்டிலேயே ஒரு மைனா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அது அதிர்ஷ்டம். இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது அலகு. தானியம் உடைக்கும் சில்லைக்குத் தடித்த முக்கோண அலகு, பூச்சி பிடிப்பதற்கு மெல்லிய கூர் அலகு, தேன்சிட்டுக்கு வளைந்த ஊசி. அலகைப் பார்த்துவிட்டாலே பறவை எந்தக் குடும்பம் என்பது பாதி தெரிந்துவிடும். பிறகு வால்: நீளமா குட்டையா, நுனி பிளந்திருக்கிறதா, ஆட்டுகிறதா, ஆட்டினால் மேலும் கீழுமா பக்கவாட்டிலா. அதன் பிறகு, அது என்ன செய்கிறது என்பது. தானியம் பொறுக்குகிறதா, சருகைப் புரட்டுகிறதா, கிளையிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்துவிட்டு அதே கிளைக்குத் திரும்புகிறதா.

இவ்வளவுக்கும் பிறகு நிறம். அதிலும் மொத்த நிறத்தைவிட இடம் முக்கியம்: கண் வழியாகக் கோடு ஓடுகிறதா, புருவம் வெளுப்பா, தொண்டையில் திட்டு உண்டா, இறக்கையில் பட்டை உண்டா, வாலடியில் வேறு நிறமா.

இவையெல்லாம் எதற்கு என்பது யாராவது தொலைபேசியில் கேட்கும்போது விளங்கும்.

"அண்ணே, மஞ்சளா ஒரு குருவி வந்துச்சு. என்ன குருவிண்ணே?"

"மைனாவைவிடப் பெருசா சின்னதா தம்பி?"

"சின்னதுதாண்ணே. சிட்டு அளவு இருக்கும்."

"அலகு எப்படி, வளைஞ்சா, நேரா?"

"அதைக் கவனிக்கலைண்ணே. நல்ல மஞ்சள்."

மஞ்சள் என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மாங்குயில், மாம்பழச்சிட்டு, கூடு கட்டும் பருவத்துத் தூக்கணாங்குருவி ஆண், வயிறு மஞ்சளான ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு என்று எங்கு வேண்டுமானாலும் போகலாம். சிட்டு அளவு என்றதும் மாங்குயில் கழிந்துவிட்டது. அலகையும் பார்த்திருந்தால் அந்தத் தம்பிக்கு அப்போதே பதில் கிடைத்திருக்கும்.

பறவை பறந்ததும், புத்தகத்தைத் திறக்கும் முன்னால், ஒரு தாளில் எழுதுங்கள். கூடவே ஒரு படம் கிறுக்குங்கள். ஓவியம் வரையத் தெரிய வேண்டியதில்லை. ஒரு முட்டை உடம்பு, ஒரு வட்டத் தலை, அலகு, வால். எங்கே எந்த நிறம் என்று அம்புக்குறி. இந்த வரிசை முக்கியம். புத்தகத்தை முதலில் பார்த்தால் அதிலுள்ள படம் நீங்கள் கண்டதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இல்லாத புருவக் கோட்டைக்கூடப் பார்த்ததாக மனம் சாதிக்கும்.

தெரிந்த பறவையின் தெரியாத கோலம்

புதுமுகம் என்று நாம் நினைக்கிறவற்றில் பெரும் பகுதி, தினம் பார்க்கும் பறவையின் பெண்ணோ குஞ்சோ பருவம் மாறிய ஆணோதான். இதை ஏமாற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தெரிந்ததை முழுதாகத் தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பம் அது. அரிய பறவையை அடையாளம் காண்கிறவர்கள் எல்லோரும் சாதாரணப் பறவையை எல்லாக் கோலத்திலும் பார்த்துப் பழகியவர்கள்தான்.

பெண் குயிலிலிருந்து தொடங்கலாம். பப்பாளியோ வாழைப்பழமோ வைத்தால் என்றாவது வரும். பழுப்பு உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளியும் பட்டையும், செக்கச் சிவந்த கண், நீண்ட வால். கன்னங்கரேலென்ற ஆண் குயிலை மட்டுமே அறிந்தவர்கள் இதை ஏதோ பருந்து இனம் என்று நினைப்பதுண்டு. பழத்தைத் தின்கிறதா என்று பாருங்கள். பருந்துகள் பப்பாளிக்கு வருவதில்லை.

ஊதாத் தேன்சிட்டு ஆண் இனப்பெருக்க காலம் முடிந்ததும் தன் பளபளப்பை உதிர்த்துவிட்டு, பெண்ணைப் போல மேலே பழுப்பும் கீழே மஞ்சளுமாக மாறும். தாடையிலிருந்து வயிறு வரை நடுவில் ஒரு கருங்கோடு மட்டும் மிச்சமிருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்து, புத்தகத்தில் இல்லாத பறவை என்று எண்ணிவிட வேண்டாம். இரட்டைவால் குருவியின் இளம் பறவைக்கு வயிற்றில் வெள்ளைக் கீற்றுகள் இருக்கும். அதுவும் பலரைக் குழப்புவது.

தவிட்டுக்குருவி தன்னைவிடப் பெரிய ஒரு குஞ்சுக்கு ஊட்டுவதைக் கண்டால், அங்கே அக்காக்குயிலோ சுடலைக்குயிலோ முட்டை வைத்துப் போயிருக்கிறது. காகம் ஊட்டினால் அது குயில் குஞ்சு. அக்காக்குயில் வளர்ந்த பிறகும் ஆளை ஏமாற்றும். உருவம், வரிவரியான வால், பறக்கும் விதம் எல்லாம் வைரியைப் போலவே இருக்கும். அது பறந்து வந்தால் சின்னப் பறவைகளும் வைரி என்றே பதறும். அலகைப் பார்த்தால் போதும். வைரிக்கு நுனி கொக்கியாக வளைந்த அலகு, அக்காக்குயிலுக்குச் சற்றே வளைந்த சாதாரண அலகு.

தலையில் இறகே இல்லாமல் மஞ்சள் தோல் தெரிய ஒரு மைனா வரும். தலை மட்டும் கழுகு போலிருக்கும் அதைப் புது இனம் என்று படமெடுத்து அனுப்புகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. இறகுதிர்வோ உண்ணித் தொல்லையோ காரணமாக இருக்கலாம்; பெரும்பாலும் மீண்டும் முளைத்துவிடும். வெள்ளைக் காகம், வெள்ளைச் சிட்டு, அங்கங்கே வெள்ளை இறகுள்ள மைனா ஆகியவை நிறமிக் குறைவால் வருபவை. கண் இளஞ்சிவப்பாக இருந்தால் நிறமி அறவே இல்லாத பிறவி. கண் வழக்கமான நிறத்தில் இருந்தால் இறகில் மட்டும் நிறமி குறைந்தது. இரண்டையும் குறித்துவைப்பது நல்லது.

கூண்டிலிருந்து தப்பி வந்தவை

பக்கத்தில் போனாலும் பறக்காமல், ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்து உங்களையே பார்க்கும் பறவை வளர்ப்புப் பறவையாக இருக்க வாய்ப்பு அதிகம். கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜிகளும், கொண்டையும் ஆரஞ்சுக் கன்னமும் உள்ள காக்கடீலும் இப்படி வரும். இரண்டுக்கும் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. நம் காகங்களிடமும் பூனைகளிடமும் அவை அதிக நாள் தாங்காது. கூண்டைத் திறந்து தினை வைத்தால் தானாகவே உள்ளே வருவதும் உண்டு. அக்கம்பக்கத்தில் யாராவது தேடுகிறார்களா என்று விசாரியுங்கள்.

பச்சையும் ரோஸுமாகப் பளீரென்று ஒரு சில்லை வந்தால் வருத்தப்பட வேண்டிய செய்தி அது. பிடித்துச் சாயம் பூசி விற்கப்பட்ட நம் நாட்டுப் பறவையே பெரும்பாலும் அப்படி இருக்கும். பச்சைக்கிளி, சில்லை, மைனா உட்பட நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சாயம் பூசிய பறவை பறக்கும் நிலையில் இருந்தால் தானியமும் தண்ணீரும் வைத்து விட்டுவிடுங்கள்; இறகுதிரும்போது சாயமும் போய்விடும். விற்கும் இடம் தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வலசை வருகிறவர்கள்

மேலே சொன்ன எதிலும் பொருந்தாவிட்டால் நாட்காட்டியைப் பாருங்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை என்றால், வந்தது வலசைப் பறவையாக இருக்கலாம். இந்தப் பகுதியில்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்று. நம் ஊரில் புதுப் பறவையை வரவழைப்பது தானியத் தட்டைவிடத் தண்ணீர்ச் சட்டிதான். நம் தோட்டத்துக்கு வரும் வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை பூச்சி தின்பவை. நொய்யும் கம்பும் கொட்டி வைத்தாலும் திரும்பிப் பார்க்காது. தண்ணீர் எல்லாவற்றுக்கும் வேண்டும். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு கரடுமுரடான கல். அருகில் ஒரு செடியின் மறைவு. இந்த மூன்றும் இருந்தால் தட்டுக்கு ஒருபோதும் வராதவையும் சட்டிக்கு வரும்.

அப்படி வருவதில் நெஞ்சை அள்ளுவது அரசவால் ஈப்பிடிப்பான். முதிர்ந்த ஆணுக்கு உடம்பு பால்வெள்ளை, தலையும் கொண்டையும் மினுமினுக்கும் கறுப்பு, வாலில் உடம்பைவிட நீண்ட இரண்டு வெள்ளைத் தோகை. இளைய ஆண்களுக்கும் சில முதிர்ந்தவற்றுக்கும் வெள்ளைக்குப் பதில் செம்பழுப்பு. பெண்ணுக்குத் தோகை கிடையாது. ஆகவே, கருந்தலையும் செம்பழுப்பு முதுகும் உள்ள ஒன்று வந்தால் கொண்டைக்குருவியில் ஏதோ ஒரு வகை என்று முடிவுகட்டாதீர்கள். கண்ணைச் சுற்றி நீல வளையம் தெரிகிறதா பாருங்கள். குளிக்கும் விதமும் தனி. கிளையிலிருந்து நேரே தண்ணீரில் பாய்ந்து, நனைந்த கையோடு கிளைக்கே திரும்பி, மறுபடி பாயும். சமவெளி ஊர்களில் அக்டோபர் முதல் மார்ச் வரை மாலை நான்கு மணிக்கு மேல் சட்டியைக் கவனித்தால் வாய்ப்பு உண்டு.

ஆறுமணிக்குருவி வேறு மாதிரி. தோட்டக்கள்ளன் என்றும் இதற்குப் பெயர் உண்டு. கொண்டைக்குருவி அளவு, ஆனால் குண்டு உடம்பு, இல்லையோ என்று சொல்லும்படி குட்டை வால், நீண்ட கால். முதுகு பச்சை, வயிறு வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு, வாலடி குங்குமச் சிவப்பு, கண் வழியே தடித்த கறுப்புப் பட்டை, இறக்கையில் பளிச்சிடும் நீலம். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது. பயணம் இரவில். களைத்துப்போய், விளக்கு வெளிச்சத்தில் தடுமாறி, விடிகாலையில் சென்னை போன்ற நகரங்களில் வீட்டுக்குள்ளேயும் மாடிப்படியிலும் விழுந்து கிடப்பதுண்டு. அக்டோபர் மாதத்தில் பால்கனியில் இப்படி ஒரு பலவண்ணப் பறவை உட்கார்ந்திருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

நலமாக இருக்கும் ஆறுமணிக்குருவிக்கு நீங்கள் வைக்கும் தட்டு மரத்தடிச் சருகுதான். இலையைப் புரட்டிப் புழுவும் பூச்சியும் பொறுக்கும். கொல்லையைத் தினமும் மண் தெரியக் கூட்டுகிற வீட்டுக்கு அது வராது. ஒரு மூலையையாவது குப்பையென்று நினைக்காமல் விட்டுவையுங்கள். விடியலிலும் அந்தியிலும் அங்கிருந்து இரண்டு அசை விசில் கேட்டால் அது வந்து சேர்ந்துவிட்டது.

அதே சருகு மூலைக்கு வரும் இன்னும் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். செந்தலைப் பூங்குருவிக்குத் தலையும் மார்பும் நல்ல ஆரஞ்சு, முதுகு நீலச் சாம்பல். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் நிரந்தரமாக வாழும் வகைக்கு முகம் வெளுத்து இரண்டு கருங்கோடுகள் செங்குத்தாக இறங்கும். வடக்கிலிருந்து குளிர்காலத்தில் வருவதற்கு முகமும் ஆரஞ்சாகவே இருக்கும். எது வந்தது என்பதைக் குறித்துக்கொண்டால் பறவை எங்கிருந்து வந்தது என்பதற்கே தடயம் கிடைக்கிறது. மற்றது கொடிக்கால் வாலாட்டி. கிழக்காசியாவிலிருந்து வருவது. மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். வாலை எப்படி ஆட்டுகிறது என்று பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். இந்த ஒரு அசைவே பெயரைச் சொல்லிவிடும்.

மைனாக்களோடு மைனாவாக இளஞ்சிவப்பு உடம்பும் கருந்தலையும் கொண்டைச் சிலிர்ப்புமாக ஒன்று வந்தால் அது சூறைக்குருவி. சோளக்கொல்லைகளில் கூட்டம் கூட்டமாக இறங்குவதால் கிராமங்களில் நன்றாகத் தெரிந்தது. மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரிப்பது. முள்முருங்கை பூக்கும் காலத்தில் அந்த மரத்தையும் கவனியுங்கள். பூத் தேனுக்கு மொய்க்கும். இதன் இளம் பறவையில் இளஞ்சிவப்பே இருக்காது: மணல் நிறம், மஞ்சள் அலகு. மைனாக் கூட்டத்தில் வெளிறிய ஒன்றைக் கண்டால் நோயாளி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஜூன், ஜூலையில் வலசைப் பறவை என்று தோன்றினால் முதலில் உங்கள் முடிவைச் சந்தேகியுங்கள். புயலுக்கு மறுநாள் என்றால் மட்டும் விதிகள் தளரும். கடலில் வாழும் ஆலாக்கள் காற்றில் அடித்துவரப்பட்டு, கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி ஓய்ந்து கிடப்பதுண்டு. கூர் அலகும் விரலிடைச் சவ்வும் உள்ள பறவை தோட்டத்தில் கிடந்தால் தானியம் வைத்துப் பயனில்லை; உடனே வனத்துறைக்கோ விலங்கு மருத்துவருக்கோ தகவல் கொடுப்பதுதான் அதற்கு உதவி.

பெயர் சூட்டும் முன்

தாளில் எழுதியாயிற்று. இனிப் புத்தகத்தைத் திறக்கலாம். தமிழில் க. ரத்னம் எழுதிய 'தமிழ்நாட்டுப் பறவைகள்' வட்டாரப் பெயர்களுக்கு ஒப்பற்றது. ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய அறிமுகக் கையேடு தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது. செல்போனில் மெர்லின் என்ற செயலி இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தருவது. படத்தையோ குரலையோ கொடுத்தால் பெயர் சொல்லும். நல்ல கருவிதான். ஆனால் அது தருவது யோசனை, தீர்ப்பு ஆகாது. முதலில் காட்டும் பெயரோடு நிறுத்தாமல் அடுத்துக் காட்டுபவற்றையும் பாருங்கள். இந்த மாதத்தில், இந்த மாவட்டத்தில் அந்தப் பறவை இருக்கக்கூடியதுதானா என்று வரைபடத்தில் சரிபாருங்கள். நீங்கள் தாளில் எழுதியதோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஓர் அடையாளம் இடித்தாலும் விடை தவறாக இருக்கலாம்.

படம் எடுப்பதென்றால், அரை நிமிடம் பார்த்து முடித்த பிறகு, இருந்த இடத்திலிருந்தே எடுங்கள். மங்கலாக இருந்தாலும் அழிக்க வேண்டாம். வால் நீளமும் அலகும் தெரிகிற மங்கலான படம், பாதி இலை மறைத்த தெளிவான படத்தைவிடப் பயன்படும். ஒரு சிறு வீடியோவும் எடுத்தால் அசைவும் பதிவாகும். 8x42 அளவு பைனாகுலர் ஒன்றை அலமாரியில் பூட்டாமல் ஜன்னலோரம் வைப்பது என் உறுதியான ஆலோசனை. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். நீண்ட பயணம் முடித்து இளைப்பாற வந்ததை வீண் சண்டைக்கு இழுப்பதாகும் அது.

தெரியாவிட்டால் கேட்பதில் தயக்கம் வேண்டாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாயில் ஒரு சிறுவன் காற்றுத் துப்பாக்கியால் சுட்டுவிழுத்திய குருவி பார்க்கச் சிட்டுக்குருவி போலவே இருந்தது. தொண்டையில் மட்டும் ஒரு மஞ்சள் திட்டு. அது என்னவென்று கேட்பதற்காகப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனான். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட் அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு, கழகத்தின் பறவைச் சேகரத்தையும் திறந்து காட்டினார். அந்தச் சிறுவன்தான் சாலிம் அலி. இன்று சுட வேண்டியதில்லை, ஒரு படம் போதும். அந்த மஞ்சள் தொண்டைச் சிட்டு தமிழ்நாட்டின் வறண்ட புதர்க்காட்டுப் பகுதிகளிலும் உண்டு. உங்கள் தட்டுக்கு வரும் சிட்டுகளின் தொண்டையை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுங்கள்.

பெயர் உறுதியானதும் இ-பேர்ட் தளத்தில் பதியுங்கள். இந்தியாவில் இந்தப் பதிவுகளை ஒருங்கிணைப்பது பேர்ட் கவுன்ட் இந்தியா. அந்த ஒரு பறவையை மட்டும் பதியாமல், பதினைந்து நிமிடம் உட்கார்ந்து காகம் மைனா உட்படப் பார்த்த எல்லாவற்றையும் எண்ணி எழுதுவது முறை. எதுவெது வரவில்லை என்பதும் அதிலிருந்துதான் தெரியும். அந்தப் பகுதிக்கு வழக்கமில்லாத பறவையானால் தளம் அதை நிறுத்தி விவரம் கேட்கும். பிறகு தன்னார்வச் சரிபார்ப்பாளர் ஒருவர் எழுதிக் கேட்கலாம். உங்களை நம்பவில்லை என்று பொருள் அல்ல. அந்தக் கேள்விகளுக்குப் பதில் உங்கள் தாளில் ஏற்கெனவே இருக்கிறது. தனியாகத் தொடங்கத் தயக்கமாக இருந்தால் ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலோ, பிப்ரவரியில் உலகெங்கும் நான்கு நாள் நடக்கும் வீட்டுத்தோட்டப் பறவைகள் கணக்கெடுப்பிலோ சேர்ந்துகொள்ளலாம். இரண்டாவது 1998இல் வட அமெரிக்காவில் தொடங்கியது, 2013இல் இந்தியாவும் சேர்ந்தது.

பெயர் தெரியாமலே போனால்? "தெரியவில்லை" என்று எழுதி, குறிப்பையும் கிறுக்கலையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். ஊகித்துப் போட்ட பெயர் மற்றவர்களைத் தவறான வழியில் கொண்டுபோகும். விவரமான குறிப்பு என்றைக்காவது விடை பெறும்.

வந்த பறவைக்கு நாம் செய்ய வேண்டியது

அரிய பறவை வந்த நாளில் தட்டை நிரப்பி வழியவிடும் ஆசை வரும். வேண்டாம். உப்புப் போட்ட சோறு, எண்ணெய்ப் பலகாரம், பிரெட், பால் இவை எந்தப் பறவைக்கும் நல்லதல்ல. உப்பில்லாத சோறு, நொய், கம்பு, தினை, பழத்துண்டு போதும். நனைந்த தானியத்தில் பூஞ்சை பிடிக்கும். மிச்சத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.

சட்டித் தண்ணீரைத் தினமும் மாற்றுவதோடு, உள்விளிம்பைத் தேய்த்துக் கழுவுவது அவசியம். டெங்கு பரப்பும் கொசு தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரை ஒட்டி முட்டையிடும். தண்ணீரை மட்டும் கொட்டினால் முட்டை அங்கேயே இருக்கும். பறவைகளுக்குள் நோய் பரவும் இடமும் தட்டுதான். பிரிட்டனில் 2005 முதல் தட்டுகளைச் சுற்றிப் பரவிய ஓர் ஒட்டுண்ணி நோயால் அந்நாட்டின் பசும்பிஞ்சு என்ற தானியக்குருவி பெருமளவு குறைந்துபோனது. சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்மூடி உட்காரும் பறவையைக் கண்டால், இரண்டு வாரம் தட்டை எடுத்துவிட்டு, நன்கு கழுவி வெயிலில் காயவைத்த பிறகே மறுபடி வையுங்கள்.

கண்ணாடி ஜன்னலில் மோதி விழுந்த பறவையைத் துணியால் மெல்லத் தூக்கி, காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கினால் செத்துவிடும். ஓரிரு மணி நேரத்தில் பெட்டிக்குள் சிறகடிக்கும் சத்தம் கேட்டால், பூனை இல்லாத புதரோரமாகப் பார்த்துத் திறந்துவிடுங்கள். சிறகு தொங்கினாலோ ரத்தம் தெரிந்தாலோ விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அதற்குப் பிறகு, மோதிய கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டுத்தாள் கோடுகளை உள்ளங்கை அகலத்துக்கும் குறைந்த இடைவெளியில் ஒட்டுங்கள்; ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டுவதால் பயனில்லை.

செய்தியைப் பகிரும்போது நிதானம் வேண்டும். ஆந்தையோ, கூடு கட்டியிருக்கும் எதுவோ என்றால் இடத்தைப் பொதுவில் சொல்லாதீர்கள். நாலு பேர் கேமராவோடு கொல்லையில் நின்றால் அது அன்றே இடம் மாறிவிடும்.

வந்த தேதியைச் சுவர் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். குளிர்காலத்தைக் கழித்த அதே தோட்டத்துக்கு மறு ஆண்டும் திரும்புகிற வலசைப் பறவைகள் பல உண்டு. காலில் வளையமிட்டு ஆராய்ந்தவர்கள் கண்டது இது. அந்தத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே சட்டியைக் கழுவி நிழலில் வைத்துவிடுங்கள். சருகு மூலையைக் கூட்ட வேண்டாம் என்று வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் சொல்லிவையுங்கள்.